தரைக்கோட்டுக்குக் கீழே: ரோமானிய வெண்கலக் காசுகள் – வாசகர் கேள்வி பதில்

நான்காம் நூற்றாண்டு ரோமானிய வெண்கலக் காசு எந்த ஊரில் அடித்தது, எந்த உள்வகை என்று கண்டுபிடிப்பது பற்றிய கேள்விகளை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். பின்புறத்தில் உருவங்கள் நிற்கும் கோட்டைத் தரைக்கோடு என்றும், அதன் கீழுள்ள பிறை வடிவ இடத்தை அடிக்கட்டம் என்றும், உருவங்களைச் சுற்றியுள்ள வெற்றிடத்தைக் களம் என்றும் சொல்கிறோம். நாணயச்சாலையின் குறி அடிக்கட்டத்தில் இருக்கும். எழுத்துகளை அவற்றின் பெயரால் தருகிறோம்: ‘பி’ என்றால் பாரிஸின் முதலெழுத்து, ‘டி’ என்றால் டோக்கியோவின் முதலெழுத்து. பட்டறை, அதாவது நாணயச்சாலைக்குள் காசு அடித்த ஒரு பிரிவு; அதன் எண்ணாக வரும் கிரேக்க எழுத்துகளுக்கு ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா என்ற கிரேக்கப் பெயர்களே.

கேள்வி: என்னிடமுள்ள காசு 18 மி.மீ. அகலம், 2.4 கிராம் எடை. முன்புறத்து எழுத்து ‘மாக்ஸ் ஆக்’ என்று முடிகிறது. பின்புறம் ஈட்டி பிடித்த இரு வீரர்கள், நடுவே இரண்டு கொடிக்கம்பங்கள். அடிக்கட்டத்தில் முதலில் எஸ், எம் தெரிகின்றன. பிறகு தேய்ந்திருக்கிறது. கடைசியில் முக்கோணம் போல ஒன்று. இது எந்த ஊர்க் காசு? – கோயம்புத்தூர் வாசகர்

பதில்: அடிக்கட்டத்தை ஒரு நிமிடம் விட்டுவிட்டுப் படத்திலிருந்து தொடங்குங்கள். இரு வீரர்களும் இரண்டு கொடிக்கம்பங்களும் உள்ள ‘குளோரியா எக்ஸர்சிட்டஸ்’ வகை 330 முதல் 335 வரை அடிக்கப்பட்டது. அதன்பின் எடையைக் குறைத்து, கம்பத்தையும் ஒன்றாக்கி, 341 வரை அடித்தார்கள். ஒற்றைக் கம்பக் காசு பெரும்பாலும் 15, 16 மி.மீ. அகலமும் ஒன்றரை கிராமை ஒட்டிய எடையும் கொண்டது. உங்கள் அளவு இரட்டைக் கம்பத்துக்குச் சரியாகப் பொருந்துகிறது. ‘மாக்ஸ் ஆக்’ என்ற பட்டம் மாமன்னர் கான்ஸ்டன்டைனுடையது.

காலம் தெரிந்ததுமே பல கதவுகள் அடைபட்டுவிடும். இரட்டைக் கம்பக் காசை அடித்த ஊர்கள் பதின்மூன்று: ட்ரியர், லியோன், ஆர்ல், ரோம், அக்விலேயா, சிஸ்கியா, தெசலோனிக்கா, ஹெராக்லியா, கான்ஸ்டன்டினோபிள், நிக்கோமீடியா, சைசிகஸ், அந்தியோக்கியா, அலெக்சாண்ட்ரியா. இவற்றில் இந்த வகைக்கு எஸ்-எம் என்று தொடங்கும் குறியை இட்டவை தெசலோனிக்கா, ஹெராக்லியா, நிக்கோமீடியா, சைசிகஸ், அந்தியோக்கியா, அலெக்சாண்ட்ரியா ஆகிய ஆறுதான். எஸ்-எம் என்பது ‘சாக்ரா மொனேட்டா’, அதாவது பேரரசரின் நாணயச்சாலை என்பதன் சுருக்கம். அதையடுத்து ஊரெழுத்து வரும், கடைசியில் பட்டறை எண் வரும்.

இனி எழுத்துகளை எண்ண வேண்டும். தேய்ந்துபோன எழுத்தையும் எண்ணிவிடலாம். அச்சு வெட்டியவர் குறியைப் பெரும்பாலும் அடிக்கட்டத்தின் நடுவில் அமைத்திருப்பார். தரைக்கோட்டின் நடுப்புள்ளியிலிருந்து நேர் கீழே ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோடு ஓர் எழுத்தின் மேல் விழுந்தால் குறி ஐந்தெழுத்தாக இருக்கும். இரண்டு எழுத்துகளுக்கு நடுவே விழுந்தால் நான்கெழுத்து. இரு வீரர்களின் கால்களும் கோட்டில் ஊன்றியிருப்பதால் நடுப்புள்ளியை இந்த வகையில் எளிதில் கண்டுகொள்ளலாம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: சில வெளியீடுகளில் குறிக்கு முன்னோ பின்னோ புள்ளி இருக்கும், ஹெராக்லியாவில் கடைசியில் விண்மீனும் உண்டு. அவற்றையும் அகலத்தில் சேர்த்துத்தான் நடுவைக் கணக்கிட வேண்டும்.

ஐந்தெழுத்து என்றால் ஊருக்கு இரண்டு எழுத்து: அந்தியோக்கியாவின் ஏ-என், தெசலோனிக்காவின் டி-எஸ், அலெக்சாண்ட்ரியாவின் ஏ-எல். முக்கோணத்துக்கு முந்தைய எழுத்தின் மிச்சத்தைப் பாருங்கள். இரண்டு நெடுங்கோடுகள் தெரிந்தால் என், வளைவு தெரிந்தால் எஸ், ஒரே நெடுங்கோடும் அடியில் பாதமும் தெரிந்தால் எல்.

நான்கெழுத்து என்றால் ஊருக்கு ஓரெழுத்து: ஹெராக்லியாவுக்கு எச், நிக்கோமீடியாவுக்கு என், சைசிகஸுக்கு கே. இங்கேதான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். நடுக்கோடு தேய்ந்துவிட்டால் எச்சும் என்னும் இரண்டு செங்குத்துக் கோடுகளாக ஒன்றுபோலவே நிற்கும். மேசை விளக்கைக் காசின் மட்டத்துக்கு இறக்கி, ஒளி மிகச் சாய்ந்து விழும்படி வையுங்கள். ஒரு கோட்டின் நீளத்தோடு ஒளி ஓடினால் நிழல் விழாது, கோடும் தெரியாது. குறுக்கே விழுந்தால்தான் தெரியும். என் எழுத்தின் சாய்கோடு இடது மேலிருந்து வலது கீழே இறங்குகிறது. ஆகவே ஒளி வலது மேலிருந்தோ இடது கீழிருந்தோ வர வேண்டும். எச் எழுத்தின் குறுக்குக்கோட்டுக்கு ஒளி நேர் மேலிருந்து வர வேண்டும். விளக்கை அப்படியே வைத்துக் காசை மெல்லச் சுழற்றினால் இரண்டையும் சோதித்துவிடலாம். கே என்றால் வலப்பக்கத்தில் இரண்டு சாய்கால்கள் விரியும், இரண்டாவது நெடுங்கோடு இராது.

கடைசியாக அந்த முக்கோணம். அதை டெல்டா என்று உடனே எழுதிவிடாதீர்கள். இந்தக் காலத்து அச்சுகளில் ஏ எழுத்தைக் குறுக்குக்கோடே இல்லாமல் வெறும் கூரை வடிவில் வெட்டுவது சாதாரணம். அடியில் கிடைக்கோடு இருந்தால் டெல்டா, நான்காம் பட்டறை. அடி திறந்திருந்தால் ஆல்ஃபா, முதல் பட்டறை. ஊர் மாறாது என்றாலும் பட்டறை மாறும்.

கேள்வி: அடிக்கட்டத்தில் சி-ஓ-என்-எஸ் தெளிவாக இருக்கிறது. கான்ஸ்டன்டினோபிள் என்றே எழுதிவைத்திருந்தேன். நண்பர் ஒருவர் பிரான்ஸ் நாட்டு ஆர்ல் என்கிறார். யார் சொல்வது சரி? வகை அதே இரு வீரர்கள்தான். – பெங்களூரு வாசகர்

பதில்: இரண்டுக்கும் இடமுண்டு. 328-இல் ஆர்ல் நகருக்குக் கான்ஸ்டன்டினா என்று பெயர் மாற்றினார்கள். அதனால் அதன் காசிலும் சி-ஓ-என்-எஸ்-டி வந்துவிட்டது. 340-இல் இரண்டாம் கான்ஸ்டன்டைன் கொல்லப்பட்டபின் பழைய பெயர் திரும்பியது, 353-இல் மறுபடி கான்ஸ்டன்டினா ஆனது. உங்கள் காசு முதல் கட்டத்தைச் சேர்ந்தது என்பதால் குழப்பம் நியாயமானதே.

பிரித்தறிய, பட்டறை எழுத்து எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். ஆர்ல் மேற்கு வழக்கப்படி பட்டறையை முன்னால் வைக்கும்: பி-சி-ஓ-என்-எஸ்-டி முதல் பட்டறை, எஸ்-சி-ஓ-என்-எஸ்-டி இரண்டாவது. கான்ஸ்டன்டினோபிள் பின்னால் வைக்கும்: சி-ஓ-என்-எஸ்-ஆல்ஃபா, சி-ஓ-என்-எஸ்-பீட்டா என்று போய், பதினோராம் பட்டறைக்கு ஐயோட்டா-ஆல்ஃபா என இரண்டெழுத்து வரை நீளும்.

இடது ஓரம் வில்லைக்கு (அச்சு விழும் உலோகத்துண்டுக்கு) வெளியே போய்விட்டிருந்தால் வலது ஓரத்தைப் பாருங்கள். எஸ்ஸுக்குப் பிறகு வருவது டியா, காமாவா? டி எழுத்தின் மேற்கோடு இருபுறமும் நீளும். காமாவுக்கு வலப்புறம் மட்டுமே. தேய்ந்த காசில் காமாவை டி என்று படித்து, மூன்றாம் பட்டறைக் கான்ஸ்டன்டினோபிள் காசை ஆர்ல் என்று எழுதிவைப்பதுண்டு. அதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. அதோடு களத்தையும் பாருங்கள். ஆர்ல் தன் வெளியீடுகளைப் பிரித்துக்காட்ட இரு கம்பங்களுக்கு நடுவே மலர்வளையம், மரக்கிளை, கை-ரோ எனப்படும் கிறிஸ்துவின் எழுத்துச் சின்னம் போன்றவற்றை வைத்தது. அப்படி ஏதேனும் நடுவில் தெரிந்தால் நண்பர் சொன்னதே சரி.

கேள்வி: தலைக்கவசம் அணிந்த பெண் உருவம், ‘கான்ஸ்டன்டினோபொலிஸ்’ என்ற எழுத்து, பின்புறம் கப்பல் முகப்பில் நிற்கும் சிறகுள்ள தேவதை. ஊரின் பெயரே எழுதியிருக்கும்போது அடிக்கட்டத்தை வேறு பார்க்க வேண்டுமா? – சென்னை வாசகி

பதில்: கட்டாயம் பார்க்க வேண்டும். 330-இல் புதிய தலைநகரின் தொடக்கத்தைக் கொண்டாட அடித்த வகை இது. அந்தப் பெண் நகரத்தின் உருவகம். பழைய தலைநகருக்கு இணையாக ‘ஊர்ப்ஸ் ரோமா’ என்ற எழுத்தோடு, ஓநாயும் இரட்டைக் குழந்தைகளும் உள்ள காசும் வெளியானது. இரண்டையும் பேரரசு முழுவதும் அடித்தார்கள். ட்ரியரில் அடித்த ‘கான்ஸ்டன்டினோபொலிஸ்’ காசுகளும் அந்தியோக்கியாவில் அடித்த ‘ஊர்ப்ஸ் ரோமா’ காசுகளும் இருக்கின்றன. முன்புறத்து நகரப் பெயர் வகையின் பெயர் மட்டுமே, அடித்த ஊரை அடிக்கட்டம்தான் சொல்லும். ஓநாய்க் காசில் ஓநாயின் முதுகுக்கு மேலுள்ள இடத்தையும் விடாதீர்கள். இரு விண்மீன்களும் அவற்றுக்கு நடுவே வரும் புள்ளிகளோ மலர்வளையமோ கை-ரோவோ உள்வகையைத் தீர்மானிக்கும்.

கேள்வி: இரு வீரர் காசில் பி-எல்-என் என்று படிக்கிறேன். லண்டன் நாணயச்சாலை என்று கொள்ளலாமா? – திருச்சி வாசகர்

பதில்: கொள்ள முடியாது. லண்டன் நாணயச்சாலையை 325-இல் மூடிவிட்டார்கள். இந்த வகை பிறந்ததே 330-இல். நீங்கள் என் என்று பார்ப்பது ஜியாக இருக்க வேண்டும்: பி-எல்-ஜி, லியோன், முதல் பட்டறை. இதே காலத்தில் மூடிய மற்ற நாணயச்சாலைகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வட இத்தாலியின் டிக்கினம் 326-இல் மூடியது, திறக்கவே இல்லை. சிர்மியமும் அதையொட்டி மூடி, 351-இல்தான் மறுபடி திறந்தது. கோட்டைவாயில் படமுள்ள ‘பிராவிடென்ஷியே’ வகை 324-இல் தொடங்கியது என்பதால், அந்த வகைக்கு மட்டும் லண்டனும் டிக்கினமும் ஆரம்ப ஆண்டுகளில் சாத்தியம். அதில் பி-டி என்று நின்றால் டிக்கினமா, ஆர் உதிர்ந்த பி-டி-ஆர் ட்ரியரா என்று மேலே சொன்ன நடுப்புள்ளிக் கணக்கால் பார்க்க வேண்டும்.

கேள்வி: கான்ஸ்டன்டைன், கான்ஸ்டன்டியஸ், கான்ஸ்டன்ஸ் என்று எல்லாப் பெயரும் ஒன்றுபோல இருக்கின்றன. தேய்ந்த எழுத்தை வைத்து எப்படிப் பிரிப்பது? – மதுரை வாசகர்

பதில்: பெயரின் தொடக்கம் உதவாது, ஏழெட்டு எழுத்துகள் எல்லோருக்கும் பொது. பட்டம் இருக்கும் கடைசிப் பகுதியிலிருந்து பின்னோக்கிப் படியுங்கள். (யூ ஒலிக்கும் வி வடிவமே பொறிக்கப்பட்டிருக்கும்.) 337-க்கு முன் ‘மாக்ஸ் ஆக்’ என்றால் தந்தை கான்ஸ்டன்டைன். ‘யூன் நோப்’ என்றால் அதே பெயருடைய மகன். ‘யூன்’ என்பது இளையவர் என்பதன் சுருக்கம். ‘நோப்’ என்ற சொல் சீசர் என்னும் இளவரசுப் பட்டத்தோடு வருவது. முன்னால் ‘ஃபிளாவியஸ் யூலியஸ்’ சுருக்கம் வந்து ‘நோப்’ என்று முடிந்தால் கான்ஸ்டன்டியஸ் அல்லது கான்ஸ்டன்ஸ். ‘டெல்மாட்டியஸ்’ என்ற பெயர் தெரிந்தால் காசைப் பத்திரமாக வையுங்கள். அவர் 335 முதல் 337 வரை மட்டுமே சீசராக இருந்தார், காசு குறைவு.

தலையணியும் துணைக்கு வரும். 330-களில் ஆகஸ்டஸ் என்னும் பேரரசருக்கு மலர்ப்பதக்கங்களோ முத்துகளோ கோத்த பட்டம், சீசருக்குப் பெரும்பாலும் இலைமாலை. 337 செப்டம்பருக்குப் பின் மூன்று மகன்களும் ஆகஸ்டஸ் ஆகிவிட்டதால் இந்த வேறுபாடு அங்கே உதவாது.

முக்காடிட்ட தலையும் பின்புறம் நான்கு குதிரை பூட்டிய தேரும் கண்டால், அது தந்தை இறந்தபின் அவர் நினைவாகக் கிழக்கு நாணயச்சாலைகளில் அடித்தது. மேலிருந்து நீளும் ஒரு கை நல்ல காசுகளில் தெரியும். ஈட்டியால் குதிரைவீரனை வீழ்த்தும் ‘ஃபெல் டெம்ப் ரெபராஷியோ’ வகையில் இன்னொரு சிக்கல். 351 முதல் 354 வரை சீசராக இருந்த காலஸும் கான்ஸ்டன்டியஸ் என்ற பெயரையே காசில் இட்டார். எழுத்தைப் பார்க்குமுன் தலையைப் பாருங்கள். பட்டமோ மாலையோ இல்லாத வெறுந்தலை என்றால் சீசர், அதாவது காலஸ் அல்லது ஜூலியன். பட்டம் கட்டிய தலை என்றால் இரண்டாம் கான்ஸ்டன்டியஸ்.

இந்தக் குதிரைவீரன் வகையின் உள்வகைகள் ஏராளம். விழுகிறவன் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொள்கிறானா, பின்னால் திரும்பிக் கையை நீட்டுகிறானா, தரையில் உட்கார்ந்துவிட்டானா, தலையில் கூம்புத்தொப்பி உண்டா, தாடி உண்டா என்பதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். களத்தில் தனியெழுத்து இருந்தால் அதையும் சேருங்கள். கிழக்குச் சாலைகளின் பெரிய காசில் இடப்பக்கம் காமா வரும், பிந்தைய சிறிய காசுகள் பலவற்றில் எம் வரும். எடை இங்கே முக்கியம். 22 மி.மீ. பெரிய காசாகத் தொடங்கிய வகை 350-களின் நடுவில் 17, 18 மி.மீ. சிறுகாசாகச் சுருங்கியது.

கேள்வி: காசின் மேல் பச்சையும் மண்ணும் ஏறியிருக்கிறது. செப்புப் பாத்திரம் போலப் புளி போட்டுத் தேய்க்கலாமா? – தஞ்சாவூர் வாசகி

பதில்: வேண்டவே வேண்டாம். புளி, எலுமிச்சை, வினிகர் எல்லாம் அமிலம். பாத்திரத்தில் களிம்பு மேலே படிந்த அழுக்கு. ஆயிரத்து அறுநூறு ஆண்டு கடந்த காசிலோ எழுத்தின் வடிவத்தைத் தாங்கி நிற்பதே அந்தப் படலம்தான், உலோகத்தின் மேற்பரப்பு எப்போதோ படலமாக மாறிவிட்டது. அதைக் கரைத்தால் பளபளப்பான, எழுத்தில்லாத செம்புத்துண்டு மிஞ்சும். கம்பித் தூரிகையும் உப்புத்தாளும் அதே கேட்டைச் செய்யும்.

காய்ச்சி வடித்த நீரில் காசை ஊறவையுங்கள். குழாய்நீரில் குளோரைடு இருக்கும், கூடாது. இரண்டு மூன்று நாளுக்கொருமுறை நீரை மாற்றி, ஒவ்வொரு முறையும் மென்மையான பல்துலக்கியால் மண்ணை மட்டும் தள்ளுங்கள். சில காசுகளுக்கு வாரக்கணக்கில் ஆகும். எழுத்துகளின் இடுக்கில் ஒட்டியதைக் கூராக்கிய மூங்கில் குச்சியால், பத்து மடங்கு உருப்பெருக்கியின் கீழ் எடுக்கலாம். குச்சி எப்போதும் உலோகத்தைவிட மெத்தென்று இருக்க வேண்டும், ஊசி கூடாது. அடிக்கட்டத்தில் தொடங்காதீர்கள். களத்தின் வெறுமையான ஓரத்தில் செய்துபார்த்து, மண் மட்டும் வருகிறதா, படலமும் சேர்ந்து வருகிறதா என்று உறுதிசெய்தபின் குறிக்கு வாருங்கள். எழுத்து படிக்கக் கிடைத்துவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மீதி மண்ணால் கெடுதல் இல்லை.

கெட்டியான கரும்பச்சை, பழுப்புப் படலம் நல்லது. வெளிர்பச்சைத் தூளாக, குச்சி பட்டால் உதிர்ந்து, அடியில் குழி தெரிந்தால் அது வெண்கல நோய். உலோகத்துக்குள் இருக்கும் செம்புக் குளோரைடு காற்றின் ஈரத்தோடும் பிராணவாயுவோடும் சேர்ந்து அமிலத்தை உண்டாக்குகிறது, அமிலம் மேலும் செம்பைத் தின்கிறது. அந்தக் காசை உடனே மற்றவற்றிலிருந்து தனியாக எடுத்துத் தூளை நீக்கி, வடித்த நீரை மாற்றி மாற்றி ஊறவையுங்கள். அடங்காவிட்டால் சோடியம் செஸ்குவிகார்பனேட் கரைசலில் ஊறவைக்கும் முறை உண்டு. அது படலத்தின் நிறத்தை மாற்றக்கூடும் என்பதால் முதலில் படம் எடுத்துவிடுங்கள். பிறகு நன்றாக உலர்த்தி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். கடற்கரை ஊர்களில் இது மிகவும் அவசியம். மிருதுவான பி.வி.சி. உறை நாளடைவில் அமிலம் கசிந்து காசில் பிசுபிசுப்பான பச்சையை உண்டாக்கும், அதைத் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: கரூரில் அமராவதி ஆற்று மணலில் கிடைத்தது என்று உறவினர் ஒரு சின்னக் காசைக் காட்டினார். 12 மி.மீ., ஒரு கிராமுக்கும் குறைவு. ரோமானியக் காசு என்கிறார். இத்தனை சிறியதில் ஊரைக் கண்டுபிடிக்க முடியுமா? – கரூர் வாசகர்

பதில்: ரோமானியக் காசாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. நான்காம் நூற்றாண்டின் கடைசியிலும் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அடித்த சிறுகாசுகள் கரூர், மதுரை, அழகன்குளம் ஆகிய இடங்களில் கிடைத்திருக்கின்றன. இலங்கையில் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. ஆனால் ஊரைச் சொல்ல முடியுமா என்பது வேறு விஷயம்.

இந்த அளவில் அச்சு பெரியது, வில்லை சிறியது. அதனால் அடிக்கட்டம் பல காசுகளில் விழவே இல்லை. இங்கே எழுத்தைத் தேடுவதைவிட நிழலுருவத்தைத் தேடுவது பயன் தரும். கையை நீட்டிக் காசைப் பிடித்து, உருவங்களின் எண்ணிக்கையை மட்டும் பாருங்கள். ஒரே ஓர் உருவம் இடப்பக்கம் நடக்க, பின்னால் எதையோ இழுத்துச் செல்வதுபோலத் தெரிந்தால் அது ‘சாலஸ் ரெய்பப்ளிகே’: தோளில் வெற்றிச்சின்னத்தைத் தாங்கிய வெற்றித் தேவதை கைதியை இழுத்துச் செல்கிறாள். இடக்களத்தில் சிலுவையும் ரோ எழுத்தும் சேர்ந்த சின்னமோ கை-ரோவோ இருக்கும். அது எது என்பது உள்வகையைப் பிரிக்கும். இருவர் நின்று, ஒருவர் மற்றவருக்கு முடிசூட்டுவது தெரிந்தால் ‘விர்டூஸ் எக்ஸர்சிட்டி’, 395-ஐ அடுத்த ஆண்டுகள், கிழக்குச் சாலைகள். மூவர் நின்று, நடுவில் இருப்பவர் குட்டையாக இருந்தால் ‘குளோரியா ரோமனோரம்’. ஆர்கேடியஸும் ஹொனோரியஸும் பெரியவர்கள், நடுவில் குழந்தையான இரண்டாம் தியோடோசியஸ். குழந்தை 402-இல் ஆகஸ்டஸ் ஆனது, ஆர்கேடியஸ் 408-இல் இறந்தார். ஆகவே ஆண்டு இந்த ஆறுக்குள் அடங்கிவிடுகிறது.

முன்புறத்தில் தலைக்கு மேலே எழுத்து இரண்டாகப் பிரியும். பிரிவுக்கு வலப்புறம் மிஞ்சியதே பேரரசரைக் காட்டிக்கொடுக்கும். பட்டத்துக்கு முன்னால் ‘சியுஸ்’ நின்றால் தியோடோசியஸ், ‘ஆனுஸ்’ நின்றால் வேலன்டினியன். வெறும் ‘உஸ்’ மட்டும் நின்றால் ஆர்கேடியஸ் அல்லது ஹொனோரியஸ், அப்போது இடப்புறத்தில் ஏயா எச்சா என்று தேட வேண்டும்.

அடிக்கட்டத்தில் ஏதாவது விழுந்திருந்தால்: ஏ-என்-டி அந்தியோக்கியா, ஏ-எல்-இ அலெக்சாண்ட்ரியா, சி-ஓ-என்-எஸ் கான்ஸ்டன்டினோபிள், டி-இ-எஸ் தெசலோனிக்கா, எஸ்-எம்-கே சைசிகஸ், எஸ்-எம்-என் நிக்கோமீடியா. ‘சாலஸ்’ வகையானால் ஏ-க்யூ அக்விலேயாவும் ஆர் ரோமும்கூட வரலாம். ஏ மட்டும் தெரிந்தால் மூன்று ஊருக்கு வழியுண்டு, ஒன்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள். எதுவுமே விழவில்லை என்றால் “ஊர் தெரியவில்லை” என்று எழுதுங்கள். அது முழுமையான, மதிப்புள்ள விடை. நம் பக்கத்தில் கிடைத்த காசுகளை வைத்துத்தான் எந்த நாணயச்சாலையின் காசு இங்கே எவ்வளவு வந்தது என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். ஆசைப்பட்டு இட்ட ஓர் ஊர்ப்பெயர் அந்தக் கணக்கையே கெடுத்துவிடும்.

இன்னொரு சாத்தியத்தையும் மனதில் வையுங்கள். இலங்கையில் ரோமானியச் சிறுகாசுகளைப் பார்த்து உள்ளூரிலேயே காசு செய்திருக்கிறார்கள். அவற்றில் உருவம் ஏறக்குறைய சரியாக இருக்கும், எழுத்துகள் மட்டும் வெறும் கோடும் புள்ளியுமாகிவிடும். எழுத்து தேய்ந்திருப்பதும் எழுத்தாகவே இல்லாமல் இருப்பதும் வேறு வேறு. தேய்ந்த இடத்தில் மிச்சம் மங்கலாக இருக்கும், பார்த்துச் செய்ததில் பொருளற்ற கோடுகள் கூர்மையாகவே இருக்கும். அப்படிப்பட்ட காசுக்கு ரோமானிய ஊர் எதையும் எழுதக் கூடாது.

ஆற்றிலோ நிலத்திலோ எடுத்த பொருளுக்குச் சட்டமும் உண்டு. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைத்த பொருளின் மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் போனால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி இத்தகைய தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. கிடைத்த இடத்தை உறவினர் சொல்லும்போதே எழுதிவைத்துவிடுங்கள். ஆற்றின் எந்தக் கரை, எந்தப் பாலத்துக்கு அருகே என்ற அளவுக்குத் துல்லியமாக இருந்தால் நல்லது.

கேள்வி: அட்டவணை நூலில் என் காசின் எண்ணைக் கண்டுபிடித்து, தொகுதியும் எண்ணும் எழுதி வைத்தேன். அது போதாது என்கிறார்கள். ஏன்? – கொழும்பு வாசகர்

பதில்: ‘ரோமன் இம்பீரியல் காயினேஜ்’ அட்டவணையின் ஏழாம் தொகுதி 313 முதல் 337 வரையும், எட்டாவது 337 முதல் 364 வரையும், ஒன்பதாவது 364 முதல் 395 வரையும் உள்ள காசுகளுக்கானவை. இவற்றில் ஒவ்வொரு நாணயச்சாலைக்கும் எண் ஒன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும். ஏழாம் தொகுதி, எண் 60 என்று மட்டும் எழுதினால் அது ட்ரியரின் 60-ஆ சைசிகஸின் 60-ஆ என்று யாருக்கும் தெரியாது. தொகுதி, ஊர், எண் மூன்றும் சேர்ந்தே எழுத வேண்டும். ஒரே எண்ணின் கீழ்ப் பல பட்டறைகள் அடங்குவதால் அடிக்கட்டக் குறியையும் கண்டபடியே எழுதுங்கள். புள்ளி இருந்தால் புள்ளியோடு, தெரியாத எழுத்துக்குக் கேள்விக்குறியோடு. விட்டம், நூறில் ஒரு கிராம் வரை எடை, முன்புறத்தை நேராக நிறுத்திக் காசை அச்சில் திருப்பும்போது பின்புறம் கடிகாரத்தின் எந்த மணிப்பக்கம் நிற்கிறது என்ற திசை ஆகியவையும் சீட்டில் இருக்கட்டும். அமெரிக்க நாணயவியல் கழகத்தின் இணையத் தரவுத்தளத்தில் ஊர், பேரரசர், பின்புற எழுத்து ஆகியவற்றைக் கொடுத்துத் தேடினால் அதே எண்ணுள்ள அருங்காட்சியகக் காசுகளின் படங்கள் பலவற்றுக்குக் கிடைக்கும். எண்ணை முடிவுசெய்யுமுன் உங்கள் காசை அந்தப் படங்களோடு ஒப்பிட்டு, முன்புற எழுத்து தலைக்கு மேல் எங்கே பிரிகிறது என்பதுவரை பொருந்துகிறதா என்று பாருங்கள்.